பக்கத்துக் கன்று

மடத்தில் சேர வருகிறவர்கள் முதல் நாளே ஆளுக்கொரு கன்று நட வேண்டும். கன்று அதை நட்டவரின் தலைக்கு மேல் போனால் தீட்சை. பட்டுப்போனால் நட்டவர் மலையிறங்கிவிட வேண்டும். ஏன் பட்டது என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். இதைத் தவிர அங்கே வேறு விதி இல்லை.

சென்னியப்பன் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"செடி வளக்கறது ஒரு பரீட்சைங்களா அம்மா?"

"நட்டுப் பாருங்கள் ஐயா" என்றார் குரு.

குரு சென்னியப்பனின் மூத்த மகளைவிட வயதில் சிறியவர். முந்தைய குரு கண்மூடும் முன் இந்தப் பெண்ணைக் கைகாட்டிவிட்டுப் போயிருந்தார். சென்னியப்பன் காங்கயம் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு ஆலையை மகன்கள் கையில் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டார். அந்தச் சின்ன வயதுக்காரியிடம் போய் என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்று மகன்கள் கேட்டபோது, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, ஆலைச் சத்தம் காதை விட்டு இறங்கினால் போதும் என்று சொல்லியிருந்தார்.

அதே பேருந்தில் இன்னொருவரும் வந்து இறங்கினார். பொன்னுரங்கம். மலைப்பாதைப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். குடித்து வேலை போய், பிறகு வீடும் போயிருந்தது. கும்பிட்டபோது விரல்கள் நடுங்கின. ஒரே நாளில் வருகிறவர்கள் ஒரே குடிசையில் தங்குவதும், கன்றுகளைப் பக்கத்துப் பக்கத்தில் நடுவதும் அங்கே வழக்கம்.

மடத்துக்குக் கீழே ஒரு மொட்டைச் சரிவு கிடந்தது. எப்போதோ காப்பித் தோட்டம் போடுவதற்காகக் காட்டை அழித்திருந்தார்கள். காப்பியும் வரவில்லை. புல்லும் வெயிலும் மட்டும் மிஞ்சின. சரிவின் மேல் விளிம்பிலிருந்து பழைய காடு தொடங்கியது. காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டு வருவதுதான் மடத்தின் வேலை.

குரு சென்னியப்பனிடம் ஒரு நாங்குக் கன்றைக் கொடுத்தார். பொன்னுரங்கத்திடம் ஒரு வட்டக்கண்ணி. இரண்டையும் ஒரு முழ இடைவெளியில் நடச் சொன்னார்.

"இத்தனை சரிவு சும்மா கெடக்குது. இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சா என்னங்க?" என்றார் சென்னியப்பன்.

"பக்கத்தில் இருக்கட்டும்."

பொன்னுரங்கம் குழியில் மண்ணைத் தள்ளிக்கொண்டே குரல் கொடுத்தார். "உள்ள தள்ளி நில்லுங்க சார், உள்ள எடம் இருக்குது, நெருங்கி நில்லுங்க!"

குரு சிரித்துவிட்டார். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

நாங்கு வைரம் பாய்ந்த மரம், கோடாரியின் வாயை மழுக்கும் என்று அவருக்குத் தெரியும். வட்டக்கண்ணி விறகுக்குக்கூட உருப்படியாக ஆகாது. தனக்கு நாங்கு கிடைத்ததில் அவருக்கு உள்ளூரத் திருப்தி. அம்மாவுக்கு ஆள் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தத் திருப்தி முதல் மழைக்காலத்தோடு சரி. வட்டக்கண்ணி மளமளவென்று ஏறியது. இலை ஒவ்வொன்றும் தாம்பாளம்போல் விரிந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் அது பொன்னுரங்கத்தின் தலையைத் தாண்டிவிட்டது. நாங்கு அதன் காலடியில் சென்னியப்பனின் இடுப்புக்கும் எட்டாமல் நின்றது. உச்சிவேளையில்கூட அதன் மேல் வெயில் பொட்டுப்பொட்டாகத்தான் விழுந்தது.

குரு தீட்சைக்கு நாள் குறிக்கிறேன் என்றார். பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார்.

"மொதலாளியோடதும் வளரட்டுங்க அம்மா. ஒரே டிரிப்புல ரெண்டு டிக்கெட்டும் போட்டுக்கறோம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சென்னியப்பனுக்குக் காது மடல்கள் சூடாயின. அரிசி ஆலை வைத்திருந்தவர் என்பதால் பொன்னுரங்கம் அவரை மொதலாளி என்றுதான் கூப்பிடுவார். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடிந்ததில்லை.

குடிசையிலும் பேச்சு ஓயாது. பல் துலக்கும்போது பேச்சு. சாணி மெழுகும்போது பேச்சு. கண்ணை மூடி உட்கார்ந்தால், "மொதலாளி தூங்கிட்டீங்களா, இல்ல தியானந்தானா?" என்று ஒரு கேள்வி.

"கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டியா ரங்கம்?"

"சும்மா இருந்தா கீழ இருக்கற கடை ஞாபகம் வந்துருதுங்க. பேசிட்டே இருந்தாத்தான் வராது." கொஞ்சம் நிறுத்தி, வேறு குரலில் சொன்னார். "அந்த பஸ் ஸ்டாண்டுல போயி நின்னா என் காலு என் பேச்சக் கேக்காதுங்க. மேல இருக்கற வரைக்குந்தான் நான் மனுசன்."

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது கோடை தொடங்கும் முன் அவர் குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, எனக்கு வயசாச்சு. இந்தக் கன்னு எப்ப என் தலையத் தாண்டும்? நான் உசுரோட இருக்கறப்பத் தாண்டுமா?"

குரு எழுந்தார். "வாருங்கள்."

பழைய காட்டுக்குள் கூட்டிப்போனார். உள்ளே பகலா மாலையா என்று தெரியவில்லை. கால் வைத்த இடமெல்லாம் மெத்தென்றிருந்தது. ஒரு பெரிய மரத்தின் வேர்ப் பலகைகளுக்கு அப்பால் நின்று ஒரு கன்றைக் காட்டினார். விரல் கனம். இடுப்பளவு உயரம். நாங்கு.

"இதற்கு என்ன வயது இருக்கும் ஐயா?"

"நாலு. மிஞ்சினா அஞ்சு."

"நான் முதன்முதலில் வந்தபோது என் குரு இதை எனக்குக் காட்டினார். அவர் வாலிபராக வந்தபோது அவருடைய குரு அவருக்குக் காட்டியிருக்கிறார். அன்றைக்கும் இடுப்பளவுதானாம்."

சென்னியப்பன் கன்றைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார். தன்னைவிட மூத்த ஒன்று விரல் கனத்தில், பச்சைப் பிள்ளைபோல் நின்றுகொண்டிருந்தது.

"இத்தனை வருசமா என்ன பண்ணிட்டிருக்குதுங்க?"

"காத்துக்கொண்டிருக்கிறது."

"எதுக்கு?"

குரு அண்ணாந்து பார்த்தார். அவரும் பார்த்தார். மேலே இலைமேல் இலை. வானம் ஊசிமுனை அளவுக்குக்கூட இல்லை.

"மேலே ஒரு மரம் விழுந்தால் இது எழும்" என்றார் குரு. "ஆனால்…"

"புரிஞ்சுதுங்க அம்மா."

"இன்னும் இருக்கிறது ஐயா."

"இல்லீங்க, போதும். நல்லாப் புரிஞ்சுது."

கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். காத்திருக்க அவருக்கு இன்னொரு ஆயுள் இல்லை.

மறுநாள் பகல் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், காய் நறுக்கும் கத்தியை மடியில் செருகிக்கொண்டு சரிவுக்கு இறங்கினார். வெட்டிச் சாய்க்க மனம் வரவில்லை. அது கொலை என்று பட்டது. ஊரில் வேலியோரம் வேண்டாத வாகையை ஆள்கள் எப்படிச் சாகடிப்பார்கள் என்று பார்த்திருக்கிறார். வட்டக்கண்ணியின் தூரில் மண்ணை விலக்கினார். பட்டையைச் சுற்றிலும் மோதிரம்போல் சீவி எடுத்தார். உள்ளே வெள்ளை மரம் ஈரமாகத் தெரிந்தது. மண்ணைத் திரும்ப மூடி, காலால் மிதித்து, கத்தியைப் புல்லில் துடைத்தார்.

ரங்கத்துக்கு அம்மா வேறு கன்று கொடுப்பார் என்று சொல்லிக்கொண்டார். அந்த விதியெல்லாம் புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்தச் சொல்வது. தீட்சைக்குத் தயாரான ஆளை யாராவது துரத்துவார்களா?

போய்க் கையைக் கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார்.

"எங்க மொதலாளி போயிட்டீங்க? ரசம் ஆறிப்போச்சு" என்று பொன்னுரங்கம் அவருடைய இலைக்கு அப்பளத்தை நகர்த்தினார்.

இலைகள் ஓரத்தில் மஞ்சள் காட்டத் தொடங்கின. பிறகு தொங்கின. பொன்னுரங்கம் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். தூரைக் கிளறினார், மண் அணைத்தார், அங்கேயே மண்டியிட்டு வெகுநேரம் இருந்தார். சென்னியப்பன் குடிசை வாசலில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தார். ஒரு விஷயம் அவருக்கு ஆறுதலாக இருந்தது. பொன்னுரங்கம் பேசுவதைக் குறைத்திருந்தார்.

குரு வந்து மரத்தைப் பார்த்தார். "என்ன ஆயிற்று ரங்கம்?"

"தண்டுப்புழுங்க அம்மா. உள்ள ஏறிருச்சு."

சென்னியப்பனுக்கு மூச்சு திரும்பியது.

ஒரு காலையில் கடைசி இலையும் கீழே கிடந்தது. குரு கிளையை ஒடித்துப் பார்த்தார். சுள்ளிபோல் முறிந்தது. அவர் சமையல்கட்டுக்குப் போனார். சென்னியப்பன் பின்னால் போனார். புதுக் கன்று எடுத்து வருவார் என்றுதான் நினைத்தார்.

குரு வாழையிலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது யாருக்குங்க?"

"ரங்கத்துக்கு. மதியப் பேருந்து இருக்கிறது."

"போகச் சொல்லப் போறீங்களா?"

"மரம் பட்டுவிட்டதே ஐயா."

சென்னியப்பன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சமையல்கட்டில் அப்போது வேறு யாரும் இல்லை. குரு நூலைச் சுற்றி முடிச்சுப் போடுகிற வரைக்கும் நேரம் இருந்தது. முடிச்சு விழுந்தது.

பொன்னுரங்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரையும் கும்பிட்டார். சென்னியப்பனிடம் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. சிரிக்கத்தான் பார்த்தார்.

"மொதலாளி, இனி நிம்மதியாத் தூங்குங்க. கேக்கறதுக்கு ஆள் இருக்காது."

"போய்ட்டு வா ரங்கம்."

"வர்றதெங்க. போலாம் ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படிகளில் இறங்கினார். வளைவில் அவர் ஒருமுறை நின்றதுபோலிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல் சென்னியப்பன் சரிவுக்குப் போனார். நாங்கின் மேல் வெளிச்சம் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அது இருட்டில் கிடந்ததை இப்போதுதான் பார்ப்பதுபோலிருந்தது. அடுத்த வாரமே நுனியில் கொழுந்து வந்தது. நாங்கின் கொழுந்து ரத்தச் சிவப்பு. ஒன்றல்ல, கொத்துக்கொத்தாக. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. இதற்காகத்தானே வந்தோம் என்று நினைத்தார். கண்ணில் நீர்கூட வந்தது.

பிறகு வெயில் ஏறியது.

முதலில் கொழுந்து சுருண்டது. காலையில் சிவப்பாக இருந்தது மாலையில் கறுப்பாக, நெருப்புக்குப் பக்கத்தில் வைத்த காகிதம்போல் இருந்தது. அடி இலைகள் வெளுத்தன. வட்டக்கண்ணி நின்றவரை அந்த இடத்தில் புல் தலைகாட்டியதில்லை. இப்போது வெளிச்சம் முதலில் புல்லைத்தான் கூப்பிட்டது. கன்றின் கழுத்துவரை புல். இரண்டு கொடிகள் எங்கிருந்தோ ஊர்ந்து வந்து தண்டைப் பிடித்துக்கொண்டன. தண்டின் மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்தது.

அவருக்கு நம்ப முடியவில்லை. வெளிச்சம் கொடுத்தோமே. தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீரைப் புல் குடித்தது. புல்லைப் பிடுங்கினார். பிடுங்கிய இடத்து மண் மத்தியானத்தில் அடுப்புக்கல்லாகக் கொதித்தது.

அப்படிப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தபோதுதான் கை வட்டக்கண்ணியின் தூருக்கு வந்தது. பட்டுப்போன கம்பம் இன்னும் அங்கேயே நின்றது. அதையும் பிடுங்கிவிடலாம் என்று மண்ணைக் கிளறினார்.

விரலில் துணி தட்டுப்பட்டது.

மண்ணை விலக்கினார். தூரைச் சுற்றி ஒரு துண்டுக் கிழிசல், சுற்றுக்கு மேல் சுற்றாக, இறுக்கிக் கட்டியிருந்தது. நீலக் கட்டம் போட்ட துண்டு. பொன்னுரங்கத்தின் தோளில் அவர் பார்த்தது. கட்டைப் பிரித்தார். உள்ளே சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பியிருந்தது. காய்ந்த பூச்சைப் பெயர்த்தார். சரியாக அவர் சீவிய மோதிரத்தின் மேல், ஓர் இடம் விடாமல், வழித்து வழித்துத் தடவிய விரல்களின் தடம்.

சென்னியப்பன் அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

பொன்னுரங்கம் பார்த்திருக்கிறார். கத்தி வெட்டையும் புழு அரிப்பையும் யாராலும் குழப்பிக்கொள்ள முடியாது. பார்த்துவிட்டு, கட்டுப் போட்டிருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரு கேட்டபோது புழு என்று சொல்லியிருக்கிறார்.

கிழிசலைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் மேலே ஓடினார். ஓடும் வயதில்லை. குரு விதைத் தொட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது புழு இல்லீங்க."

குரு நிமிர்ந்தார்.

"நாந்தான். கத்தியால சீவினேன். அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே போயிட்டான்."

குருவின் கையிலிருந்த செம்பு சாய்ந்தது. தண்ணீர் அவருடைய காலில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை. கிழிசலை வாங்கி விரித்துப் பார்த்தார். சாணித் துகள் உதிர்ந்தது. அவருடைய முகம் இப்படி ஆகும் என்று சென்னியப்பன் நினைத்ததில்லை. அது குருவின் முகமாகவே இல்லை. அடி வாங்கிய ஒரு பெண்ணின் முகமாக இருந்தது.

"நான் அவரை அனுப்பிவிட்டேன்" என்றார்.

சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். குரு திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டவில்லை. அதைத் தாங்க முடியாமல் அவரே குரலை உயர்த்தினார்.

"நீங்கதான அம்மா சொன்னீங்க? காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி, மேல ஒரு மரம் விழுந்தா எழும்னு நீங்கதான காட்டுனீங்க?"

"காட்டினேன்."

"அப்பறம் எப்படிங்க இது கருகுது? அதே நாங்குதான?"

"அதே நாங்குதான் ஐயா. மேலே ஒன்று விழுந்தாலும் அந்தக் கன்றுக்குச் சுற்றிலும் ஒரு காடு நிற்கிறது. உங்கள் கன்றுக்குச் சுற்றிலும் நின்றது அந்த ஒன்றுதான்."

சென்னியப்பன் கீழே சரிவைப் பார்த்தார்.

"அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார் குரு. "நீங்கள் போதும் என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன்."

"அவனைக் கூப்புடுங்கம்மா. அவன் மரத்தக் கொன்னது நானு. அவன் ஏன் கீழ இருக்கணும்?"

"நீங்களே போய் அழைத்து வாருங்கள்."

சென்னியப்பன் மதியப் பேருந்தில் மலையிறங்கினார். எங்கே தேடுவது என்று யோசித்துக்கொண்டே போனார். தேட வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிலையத்தில் வண்டி நிற்கும் முன்பே அந்தக் குரல் கேட்டது. மினி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் பொன்னுரங்கம். தாடி வளர்ந்திருந்தது. தோளில் அந்த நீலக் கட்டத் துண்டு, பாதி அகலத்தில்.

"அட, மொதலாளி!" முகம் மலர்ந்தது. உடனே மாறியது. "கன்னு எப்படிங்க இருக்குது?"

சென்னியப்பன் நிழற்குடையின் சிமென்டுப் பலகையில் உட்கார்ந்தார். பொன்னுரங்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது வாடை அடித்தது.

"குடிச்சியா ரங்கம்?"

"மொதல்ல கொஞ்ச நாள் இல்லீங்க. பல்லக் கடிச்சுட்டு இருந்தேன்." விரல்களைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். "இப்பத்தான். முந்தாநேத்துல இருந்து."

வெயில் நிலையத்துத் தரையில் வெள்ளையாகக் கிடந்தது. சென்னியப்பன் குனிந்தபடி கேட்டார்.

"பாத்தல்ல?"

"எதைங்க?"

"ரங்கம்."

பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தேனுங்க. கட்டுப் போட்டா ஒட்டிக்கும்னு நெனச்சேன். ஒட்டல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கள எறக்கி விட்டுருப்பாங்க."

"விட்டுட்டுப் போகட்டுமே! எனக்கு வீடு இருக்குது, மகனுங்க இருக்கறாங்க. உனக்கு என்னடா இருக்குது?"

"எனக்கு விழுந்து பழக்கமுங்க மொதலாளி" என்றார் பொன்னுரங்கம். "வேலைல இருந்து விழுந்தேன், வீட்டுல இருந்து விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் எப்படியோ எந்திரிச்சுட்டேன். நீங்க இந்த வயசுல, அத்தன பேருக்கு முன்னால, கத்தி எடுத்தவர்னு பேரு வாங்கிட்டு எறங்குனா எந்திரிக்கவே மாட்டீங்க. அதான்."

சென்னியப்பன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். யாரோ ஒரு பயணி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"அம்மாகிட்டச் சொல்லிட்டேன். உன்னக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. எந்திரி."

"வர மாட்டேனுங்க."

"எந்திரின்னா எந்திரி!"

"இந்த வாயி நாத்தத்தோட அம்மா முன்னால நிக்க மாட்டேன். நிறுத்திட்டு வர்றேன். நெசமாத்தான். நிறுத்திட்டு வர்றேன்."

சொல்லும்போதே அவருடைய கண் சாலையைத் தாண்டிப் போய்விட்டு வந்தது. அங்கே கம்பி வலைக்குப் பின்னால் கடை திறந்திருந்தது. சென்னியப்பன் அந்தப் பார்வையைப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்தார். பொன்னுரங்கம் வரவில்லை. அடுத்த பேருந்து போனது. அதற்கடுத்ததில் சென்னியப்பன் மட்டும் ஏறினார்.

மேலே வந்தபோது குரு சரிவில் நாங்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். யாரோ அவசரமாக ஓர் ஓலைத் தட்டியை மேற்குப் பக்கம் ஊன்றியிருந்தார்கள். அது கோணலாக நின்றது. கன்றில் ஒரு பச்சைகூட இல்லை. குரு நுனியை ஒடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"அவர் வரவில்லையா?"

"குடிச்சிருக்கான் அம்மா. நிறுத்திட்டு வர்றேங்கறான். அவனால முடியாது. அவன் கண்ணுல பாத்தேன்."

குரு தலையசைத்தார்.

"என் கன்னும் பட்டுப் போச்சு" என்றார் சென்னியப்பன். "நானும் எறங்கணும். தெரியும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எங்க போறதுன்னுதான் தெரியல. காங்கயத்துல கதவு தெறந்துதான் இருக்குது. அங்க போயி எப்படிங்க உக்காருவேன்?"

குரு பக்கத்தில் நின்ற வட்டக்கண்ணிக் கம்பத்தைப் பார்த்தார். சரிவில் காற்று புல்லைச் சாய்த்துக்கொண்டு போயிற்று.

"அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?"

"பஸ் ஸ்டாண்டுல. நிழற்குடைக்கு அடியில."

"கடை?"

"எதுத்தாப்பல. ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது ஐயா?"

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்க அம்மா."

"அங்கே போய் இருங்கள்" என்றார் குரு.